மரம் மறைந்தால் கூடை என்னாகும்? டொராண்டோவைச் சுற்றி ஓர் அறிவுமரபின் போராட்டம்

ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள ஒரு பச்சை நிற வண்டு, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பல நூற்றாண்டுகளாகத் தொடர்ந்துவந்த ஒரு கைத்தொழிலின் எதிர்காலத்தைக் கேள்விக்குள்ளாக்கியிருக்கிறது.

அந்தக் கைத்தொழில் கூடை முடைதல். அதற்கு ஆதாரமாக இருப்பது கறுப்பு ஆஷ் என்னும் மரம். வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சுற்றியும் கிழக்குக் கரையோரமும் வாழும் பழங்குடி மக்கள் இந்த மரத்தை ஓலை போல மெல்லிய பட்டைகளாக உரித்துக் கூடைகள் முடைகிறார்கள். மோஹாக், அனிஷினாபே, மிக்மா போன்ற இனத்தவர் அவர்களில் அடங்குவர்.

கடந்த 20 ஆண்டுகளுக்கும் மேலாக இம்மரங்கள் கூட்டங்கூட்டமாக மடிந்துவருகின்றன. மரம் இல்லாமற்போனால் கூடையும், அதோடு சேர்ந்த அறிவும் என்னாகும் என்ற கேள்விக்குக் கைவினைஞர்கள் பல வழிகளில் விடை தேடிவருகிறார்கள். இந்தக் கேள்வி, டொராண்டோவில் பெருந்தொகையாக வாழும் தமிழர்களுக்கும் அந்நியமானதல்ல. பனையோலையில் பெட்டியும் கடகமும் இழைத்த ஒரு சமூகத்திற்கு அது வேறொரு வடிவில் நன்கு தெரிந்த கேள்விதான்.

பின்னலில் பிறந்த பெயர்

டொராண்டோ என்ற பெயருக்குள்ளேயே முடைதல் கலையின் தடயம் ஒன்று இருக்கிறது. 'தண்ணீரில் மரங்கள் நிற்கும் இடம்' என்று பொருள்படும் மோஹாக் மொழிச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

அச்சொல் முதலில் இன்றைய நகரத்தைக் குறிக்கவில்லை. வடக்கே, ஒரில்லியா நகருக்கு அருகே, சிம்கோ ஏரியும் குச்சிச்சிங் ஏரியும் சந்திக்கும் குறுகிய நீர்வழியையே குறித்தது. அங்கு பழங்குடி மக்கள் ஆழமற்ற நீரில் மரத்தடிகளை வரிசையாக நட்டு, அவற்றினிடையே சிறு கிளைகளைப் பின்னி, மீன்களை ஒரு பக்கமாகத் திருப்பும் அடைப்புகளை அமைத்திருந்தார்கள். ம்ஞ்சிகனிங் மீன் அடைப்புகள் எனப்படும் இவற்றின் மிகப் பழைய தடிகள் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 1982ஆம் ஆண்டு கனடா அரசு அவ்விடத்தைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது.

நட்ட தடியும் அதனூடே செல்லும் கொடியும் சேர்ந்தால் வேலி ஆகும். சிறிதாக்கி வளைத்தால் கூடை ஆகும். இரண்டுக்கும் அடிப்படை நுட்பம் ஒன்றே. பின்னாளில் அந்தப் பெயர் தெற்கே நகர்ந்து, ஒன்டாரியோ ஏரிக்கரை நகரத்திற்கு உரியதாயிற்று.

மரம் கூடையாகும் விதம்

கறுப்பு ஆஷ் சதுப்பு நிலங்களிலும் ஓடைக்கரைகளிலும் வளரும் மரம். உலகில் அது இயற்கையாக வளரும் நிலப்பரப்பில் ஏறக்குறையப் பாதி கனடாவில் இருக்கிறது.

இம்மரத்தின் தனிச்சிறப்பு அதன் ஆண்டு வளையங்களில் உள்ளது. வசந்த காலத்தில் உருவாகும் மரப்பகுதி பெரிய துளைகளைக் கொண்டு மென்மையாக இருக்கும். கோடையில் உருவாகும் பகுதி அடர்த்தியாகவும் உறுதியாகவும் இருக்கும். பட்டை நீக்கிய மரத்துண்டைக் கோடரியின் பின்புறத்தாலோ மரச்சுத்தியலாலோ நெடுகத் தட்டிக்கொண்டு வந்தால், மென்மையான பகுதி நொறுங்கி, உறுதியான பகுதி ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு நீண்ட பட்டையாக உரிந்து வரும். வாளோ இயந்திரமோ தேவையில்லை.

அவ்வாறு உரிந்த பட்டையை மேலும் இரண்டாகப் பிளந்து, சுரண்டி, வழுவழுப்பாக்கி, தேவையான அகலத்திற்கு வார்ந்துகொள்கிறார்கள். பிறகு குறுக்கும் நெடுக்குமாக முடைந்து அடிப்பகுதியை அமைத்து, பக்கங்களை எழுப்பி, விளிம்பைக் கட்டுகிறார்கள். அழகுக் கூடைகளில் நறுமணம் வீசும் இனிப்புப்புல்லையும் சேர்த்துப் பின்னுவது வழக்கம். கூடை பழையதான பின்னும் அந்த வாசனை நெடுநாள் தங்கும்.

இதில் முடைவதைவிட மரத்தைத் தேர்ந்தெடுப்பதே கடினமான வேலை. நேராக, கணு குறைந்து, வளையங்கள் சீராக அமைந்த மரமே கூடைக்கு உகந்தது. காட்டில் நிற்கும் கறுப்பு ஆஷ் மரங்களில் அப்படிப்பட்டவை சிறு பகுதியே. எந்தச் சதுப்பில் எந்த மரம் தேறும் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லும் அறிவு, காட்டுக்குள் மூத்தவர்களோடு நடந்து பெறப்படுவது.

19ஆம் நூற்றாண்டில், வேட்டை நிலங்களைக் குடியேறிகளிடம் இழந்த பல பழங்குடிக் குடும்பங்களுக்குக் கூடை விற்பனையே கைக்காசு தந்தது. உருளைக்கிழங்கு அள்ளும் கூடை முதல், ஐரோப்பியக் குடும்பத்துச் சீமாட்டிகளுக்கான தையல் பெட்டி வரை அவர்கள் செய்து விற்றார்கள்.

ஒன்டாரியோ, கியூபெக், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் ஆகிய மூன்றின் எல்லையிலும் பரவியிருக்கும் அக்வெசாஸ்னே என்ற மோஹாக் பகுதி இக்கலைக்குப் பெயர்பெற்றது. அங்கு வாழ்ந்த மேரி ஆடம்ஸ் என்பவர் 1986ஆம் ஆண்டு முடைந்த 'திருமணக் கேக் கூடை' இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.

வண்டு வந்த வழி

மரகத ஆஷ் துளைப்பான் என்று அழைக்கப்படும் அந்த வண்டின் தாயகம் வடகிழக்குச் சீனா, கொரியா, ரஷ்யாவின் தூரகிழக்குப் பகுதி ஆகியவை. அங்குள்ள ஆஷ் மரங்கள் அதனோடு நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்து, எதிர்ப்புத் திறன் பெற்றவை. வட அமெரிக்க ஆஷ் மரங்களுக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை.

சரக்குகளை அடைத்துவரும் மரப்பெட்டிகளிலோ மரச்சட்டங்களிலோ மறைந்து 1990களில் அது வட அமெரிக்காவை அடைந்திருக்க வேண்டும் என்று வல்லுநர்கள் கருதுகிறார்கள். 2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட்டிலும், ஆற்றின் மறுகரையில் உள்ள ஒன்டாரியோவின் விண்ட்சரிலும் அது முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது.

வளர்ந்த வண்டு இலைகளைத் தின்பதால் பெரிய சேதம் ஏற்படுவதில்லை. அதன் புழுதான் மரத்தைக் கொல்கிறது. மரப்பட்டைக்கு அடியில் நெளிநெளியாகக் குடைந்து செல்லும் புழுக்கள், மரத்தின் உணவு செல்லும் பாதையை அறுத்துவிடுகின்றன. சில ஆண்டுகளில் மரம் பட்டுப்போகிறது. வெளியே அறிகுறி தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிட்டிருக்கும்.

பரவலைத் தடுக்க, 2004ஆம் ஆண்டு விண்ட்சருக்குக் கிழக்கே, சுமார் 10 கிலோமீட்டர் அகலத்தில் ஆஷ் மரமே இல்லாத ஒரு வெற்றிடப் பட்டையைக் கனடா உணவு ஆய்வு முகமை உருவாக்கியது. ஆயிரக்கணக்கான நல்ல மரங்கள் அதற்காக வெட்டப்பட்டன. ஆனால் வண்டு அந்த எல்லையையும் கடந்துவிட்டது. தானாகப் பறந்து செல்வதைவிட, மனிதர்கள் ஏற்றிச்செல்லும் விறகோடு அது அதிக தூரம் பயணம் செய்கிறது.

2007ஆம் ஆண்டு அது டொராண்டோவில் காணப்பட்டது. நகரத்தில் அப்போது சுமார் 8,60,000 ஆஷ் மரங்கள் இருந்ததாக நகர நிர்வாகத்தின் மதிப்பீடு கூறுகிறது. தெருவோரங்களிலும், பூங்காக்களிலும், நகரை ஊடறுத்துச் செல்லும் பள்ளத்தாக்குகளிலும் நின்றவை அவை. அடுத்த 10 ஆண்டுகளில் அவற்றில் பெரும்பாலானவை அழிந்தன.

டொராண்டோ நகரத் தெருக்களில் மடிந்தவை பெரும்பாலும் பச்சை ஆஷ், வெள்ளை ஆஷ் ஆகிய இனங்கள். கூடைக்குரிய கறுப்பு ஆஷ், நகருக்கு வெளியே மாகாணத்தின் சதுப்புக் காடுகளில் நிற்பது. ஆனால் வண்டுக்கு இந்த வேறுபாடு பொருட்டல்ல. கறுப்பு ஆஷ் அதற்கு எளிதில் பலியாகும் இனங்களில் ஒன்று. நகரத்தில் அது ஒரு நிழல்மரத்தின் இழப்பு. கூடை முடைபவர்களுக்கோ அது மூலப்பொருளின் இழப்பு.

2018ஆம் ஆண்டு, கனடாவின் அருகிவரும் உயிரினங்களை மதிப்பிடும் நிபுணர் குழு கறுப்பு ஆஷை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம் என வகைப்படுத்தியது. 2022 ஜனவரியில் ஒன்டாரியோ மாகாணம் அதை அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அப்பட்டியலுக்கு ஆதாரமாக இருந்த சட்டத்தின் பாதுகாப்பு விதிகளை மாகாண அரசு 2025 ஜூனில் பெருமளவு மாற்றியது.

வேம்பின் துணை

இந்த வண்டுக்கு எதிரான போராட்டத்தில் தமிழர்களுக்கு மிகவும் பழக்கமான ஒரு பொருள் பயன்படுகிறது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். அது வேப்பங்கொட்டை.

வேப்பங்கொட்டையிலிருந்து எடுக்கப்படும் அசாடிராக்டின் என்ற பொருளைக் கொண்ட ஒரு மருந்தை, கனடா வனத்துறை விஞ்ஞானிகள் ஒரு தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கினார்கள். ட்ரீஅஸின் என்ற பெயரில் விற்கப்படும் அதை மரத்தின் அடிப்பகுதியில் ஊசி மூலம் செலுத்துவார்கள். அது சாறோடு மேலேறிப் புழுக்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது. டொராண்டோ நகர நிர்வாகம் தேர்ந்தெடுத்த பல ஆஷ் மரங்களை இம்முறையில் காப்பாற்ற முயன்றது.

ஆனால் இந்த மருந்தை வழக்கமாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒவ்வொரு மரத்திற்கும் தனித்தனியாகச் செலுத்த வேண்டும். தெருவோர மரத்திற்கு அது சாத்தியம். சதுப்புக் காட்டில் பரந்து நிற்கும் கறுப்பு ஆஷ் மரங்களுக்கு அது நடைமுறையில் இயலாது.

ஆகவே, வண்டின் தாயகத்தில் அதைக் கட்டுப்படுத்தும் நுண்ணிய குளவி இனங்களை விஞ்ஞானிகள் 2013 முதல் கனடாவில் விட்டுவருகிறார்கள். அவை வண்டை ஒழித்துவிடப் போவதில்லை. அதன் எண்ணிக்கையைக் குறைத்து, இளமரங்களுக்கு வளரும் அவகாசம் தருவதே நோக்கம்.

கூடை முடைபவர்களின் பழைய வழக்கம் ஒன்றும் இதில் உதவியிருக்கிறது. வெட்டிய மரத்தை உலராமல் வைத்திருக்க ஓடையிலோ குளத்திலோ அமிழ்த்தி வைப்பது அவர்கள் வழக்கம. பல வாரங்கள் அவ்வாறு அமிழ்த்தி வைத்தால் உள்ளே இருக்கும் புழுக்கள் இறந்துவிடுகின்றன என்பதையும், மரத்தின் தரம் கெடுவதில்லை என்பதையும் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் கைவினைஞர்களோடு சேர்ந்து சோதித்து உறுதிசெய்தார்கள். வண்டு தாக்கிய மரத்தையும் பாதுகாப்பாகக் கொண்டுசென்று பயன்படுத்த இதனால் வழி பிறந்தது.

கலைக்கூடத்திற்கு வந்த கூடை

மூலப்பொருள் அருகிவரும் அதே காலத்தில், கூடை முடைதல் சமகாலக் கலையாகவும் கவனம் பெற்றிருக்கிறது.

2017ஆம் ஆண்டு, கனடாவின் முக்கியக் கலை விருதுகளில் ஒன்றான சோபி விருது, நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த மிக்மா கலைஞர் அர்சுலா ஜான்சனுக்கு டொராண்டோவில் வழங்கப்பட்டது. அவ்வாண்டு இறுதிப் பட்டியலில் இருந்தவர்களின் படைப்புகள் டொராண்டோ பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன.

ஜான்சனின் கொள்ளுப்பாட்டி கரோலின் கோல்ட், பெயர்பெற்ற கூடைக் கலைஞர். அவருடைய நுட்பங்களைக் கற்றுக்கொண்ட ஜான்சன், எதற்கும் பயன்படாத வடிவங்களில் கூடைகளை முடைந்தார். கண்ணாடிப் பேழைகளின் மேல் கூடைகளின் வரைபடங்களைப் பொறித்து, உள்ளே எதையும் வைக்காமல் காட்சிப்படுத்தினார். மற்றொரு நிகழ்வில், ஓர் ஆஷ் மரத்துண்டைப் பார்வையாளர்கள் முன் உரித்து உரித்து, கூடை எதுவும் செய்யாமல், வெறும் சீவல் குவியலாக்கினார்.

அருங்காட்சியகத்தில் கூடை பத்திரமாக இருந்தால் மட்டும் அக்கலை உயிரோடு இருப்பதாகுமா என்ற கேள்வியை இப்படைப்புகள் எழுப்பின.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த கெல்லி சர்ச் வேறொரு வழியைத் தேர்ந்தார். அவர் முடைந்த முட்டை வடிவக் கூடை ஒன்றினுள், குப்பியில் அடைத்த ஒரு மரகத வண்டும், மரத்தைத் தேர்ந்தெடுப்பது முதல் கூடை முடைவது வரையிலான தகவல்களைப் பதிந்த ஒரு கணினி நினைவகமும் இருக்கின்றன. மரம் இல்லாமல் வளரப்போகும் தலைமுறைக்கும், பிறகு மரம் மீண்டும் வரும்போது அதைப் பயன்படுத்தப்போகும் தலைமுறைக்கும் அவர் விட்டுச்செல்லும் கடிதம் என்றே அதைச் சொல்லலாம்.

மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த பாசமகுவாடி இனக் கலைஞர் ஜெரமி ஃப்ரேயின் ஆஷ் மரக் கூடைகள் 2024ஆம் ஆண்டு போர்ட்லண்ட் கலை அருங்காட்சியகத்திலும், தொடர்ந்து சிகாகோ கலைக்கழகத்திலும் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன.

உள்ளூரில் விளைவது

மறுபுறம், டொராண்டோ போன்ற நகரங்களில் கூடை முடைதலைப் புதிதாகக் கற்பவர்கள் பலர், தங்கள் சுற்றுப்புறத்தில் விளையும் பொருட்களின் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். பிரம்பு தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வர வேண்டும். வில்லோ என்னும் அலரி வகை மரத்தின் மிலாறுகளையோ, செந்தண்டு டாக்வுட் புதர்க் கிளைகளையோ, காட்டுத் திராட்சைக் கொடியையோ, சம்புப் புல்லையோ, சோளத் தோகையையோ ஒன்டாரியோவிலேயே பெறலாம்.

வில்லோவை ஒரு பயிராகவே வளர்க்க முடியும். குளிர்காலத்தில் தரையோடு வெட்டிவிட்டால் மறு ஆண்டு நீண்ட, கிளையற்ற மிலாறுகள் எழும். அவற்றை உயரவாரியாகப் பிரித்து உலர்த்தி, முடைவதற்குச் சில நாள் முன்பு நீரில் ஊறவைப்பார்கள். தோட்டத்தில் கழித்துப்போடும் பகல் அல்லி இலைகளைக்கூடக் கயிறாகத் திரித்துப் பயன்படுத்துகிறார்கள்.

இதற்கும் வரம்புகள் உண்டு. டொராண்டோ நகரப் பூங்காக்களிலும் பள்ளத்தாக்குகளிலும் செடிகொடிகளை அனுமதியின்றி வெட்டி எடுப்பதை நகர விதிகள் தடைசெய்கின்றன. இனிப்புப்புல் போன்றவை பழங்குடி மக்களுக்குப் புனிதமானவை. அவற்றை யார், எப்போது, எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு அவர்களிடம் முறைகள் இருக்கின்றன. உள்ளூர்ப் பொருள் என்பதாலேயே எல்லோருக்கும் உரிய பொருள் ஆகிவிடாது.

மேலும், ஒரு பொருளுக்குப் பதிலாக இன்னொன்றை அப்படியே வைத்துவிடவும் முடியாது. வில்லோ உருண்டையான மிலாறு. நட்ட குச்சிகளினூடே வளைத்து வளைத்துச் செல்ல ஏற்றது. கறுப்பு ஆஷ் தட்டையான பட்டை. குறுக்கும் நெடுக்குமாக முடைய ஏற்றது. பொருள் மாறும்போது கையின் பழக்கமும், கூடையின் வடிவமும், அதற்குரிய சொற்களும் மாறிவிடுகின்றன.

பனையும் ஆஷும்

தட்டையான பட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக முடையும் இந்த முறை, பனையோலையில் பெட்டி இழைத்தவர்களுக்கு உடனே விளங்கும். ஓலையை உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலமாக வார்ந்து, அடியிலிருந்து தொடங்கிப் பக்கங்களை எழுப்பி, விளிம்பை மடித்துப் பொத்தும் யாழ்ப்பாணப் பெண்களின் வேலைமுறைக்கும், அக்வெசாஸ்னே பெண்களின் வேலைமுறைக்கும் இடையே படிக்குப் படி ஒற்றுமை காணலாம். ஒருவரையொருவர் அறியாத இரு சமூகங்கள், தட்டையான பொருள் ஒன்றைக் கொள்கலமாக்கும்போது ஒரே தீர்வை வந்தடைந்திருக்கின்றன.

கடகம், நீத்துப்பெட்டி, குட்டான், சுளகு, உமல், பாய் என்று பனையிலிருந்து பிறந்த பொருட்களுக்குத் தமிழில் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை 1978ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. பின்னர் நீண்ட போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காகவும் காவலரண்களுக்காகவும் வெட்டப்பட்டும், குண்டுவீச்சில் சிதைந்தும் பெருந்தொகைப் பனைகள் அழிந்தன.

தமிழகத்தில் பனை மாநில மரம். செங்கல் சூளைகளுக்காகவும் மனைகளுக்காகவும் அது தொடர்ந்து வெட்டப்பட்டு வந்த நிலையில், மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என்று 2021ஆம் ஆண்டு மாநில அரசு அறிவித்தது. அதே தமிழகத்தில், வழக்கொழியும் நிலையில் இருந்த செட்டிநாட்டுக் கொட்டான், பெண்களுக்கான பயிற்சிகள் மூலம் மீட்கப்பட்டுப் புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது.

புலம்பெயர்ந்த தமிழர்களின் நிலை இதிலிருந்து வேறுபட்டது. டொராண்டோவின் ஸ்காபரோவில் இழைக்கத் தெரிந்த முதியவர்கள் வாழ்கிறார்கள். ஆனால் அந்தக் குளிரில் பனை வளராது. பழங்குடி மக்களிடம் காடு இருக்கிறது, மரம் போய்க்கொண்டிருக்கிறது. பனைநாட்டின் பல ஊர்களில் மரம் இருக்கிறது, இழைக்கும் கைகள் குறைந்துவருகின்றன. டொராண்டோத் தமிழரிடம் கை இருக்கிறது, மரம் பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. மூன்றிலும் அறுபடுவது ஒன்றே: மரத்திற்கும் கைக்கும் இடையிலான தொடர்பு.

சம்புத் தாளிலோ சோளத் தோகையிலோ ஒரு தமிழ் மூதாட்டியால் சிறு பெட்டி ஒன்றை இழைத்துவிட முடியும். அது யாழ்ப்பாணத்துப் பெட்டியாக இராது. ஆனால் விரல்கள் மறக்காமலிருக்க அது போதும். பேரப்பிள்ளை அருகிலிருந்து பார்த்துக்கொள்ளவும் போதும்.

விதைக்குள் இருக்கும் காலம்

கறுப்பு ஆஷ் முற்றாக அழிந்துவிடும் என்று யாரும் உறுதியாகக் கூறவில்லை. வண்டு தாக்கிய காடுகளிலும் சில மரங்கள் தப்பி நிற்கின்றன. அவற்றுக்கு இயற்கையான எதிர்ப்புத் திறன் இருக்கிறதா என்று ஆய்வுகள் நடக்கின்றன. நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் ஃப்ரெடெரிக்டனில் உள்ள தேசிய மரவிதை மையம் ஆஷ் விதைகளைச் சேகரித்துக் குளிரில் பாதுகாத்துவருகிறது. அக்வெசாஸ்னே போன்ற பழங்குடிப் பகுதிகளில் கன்றுகளை நட்டு வளர்க்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன.

ஆயினும் இந்த மரம் அவசரப்படுவதில்லை. அது ஆண்டுதோறும் நன்றாகக் காய்ப்பதில்லை. உதிர்ந்த விதை முளைக்கப் பொதுவாக இரண்டு குளிர்காலங்கள் ஆகும். கூடைக்கு ஏற்ற பருமன் பெறப் பல பத்தாண்டுகள் வேண்டும். இன்று நடப்படும் கன்று கூடையாகும்போது, இன்று முடையத் தெரிந்தவர்களில் பலர் உயிரோடு இருக்கமாட்டார்கள்.

விதையைக் குளிர்ப்பெட்டியில் பல ஆண்டுகள் வைத்துப் பாதுகாத்துவிடலாம். மரத்தைப் பார்த்து இது தேறும், இது தேறாது என்று சொல்லும் கண்ணையும், பட்டையின் பதத்தைத் தொட்டறியும் விரலையும் அவ்வாறு பாதுகாக்க வழியில்லை. அவை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு, இடைவெளியின்றி, கைமாறிக்கொண்டே இருக்க வேண்டும். மரம் திரும்பி வரும்வரை வேறு ஏதேனும் ஒரு பொருளிலாவது முடைந்துகொண்டே இருக்கவேண்டும் என்று கூடைக் கலைஞர்கள் வலியுறுத்துவதன் காரணம் அதுதான்.